கறுப்பா என்று கேட்ட கால்குலேட்டர்

அம்மாவின் ரத்தப் பரிசோதனைச் சீட்டில், கிட்னி எப்படி இருக்கிறது என்று பார்க்கும் கிரியேட்டினின் 1.1 என்று இருந்தது. பக்கத்திலேயே 0.6 முதல் 1.2 வரை இருக்கலாம் என்று அச்சடித்திருந்தார்கள். நட்சத்திரக் குறி இல்லை, தடித்த எழுத்தும் இல்லை. விடிந்தால் இதயக் குழாய் அடைப்பைப் பார்க்கும் ஆஞ்சியோகிராம். இரவு பதினொரு மணிக்கு மருத்துவமனை வராண்டாவில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தேன். படம் எடுக்க ரத்தக் குழாயில் டை ஏற்றினால் கிட்னிக்கு ஆகாதாம் என்று சாயங்காலம் பார்க்க வந்த மச்சான் வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டுப் போயிருந்தார்.

தேடியதில் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்குப் போடும் கால்குலேட்டர் ஒன்று அகப்பட்டது. கிரியேட்டினின் எவ்வளவு, வயது எவ்வளவு, ஆணா பெண்ணா என்று கேட்டது. 1.1, 68, பெண். கடைசியாக இன்னொரு கேள்வி: கறுப்பா? ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள்.

அம்மா நல்ல கறுப்பு. காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டு வெயிலில் ஐம்பது வருசம் மாடு மேய்த்த உடம்பு. நான் யோசிக்கவே இல்லை, ஆம் என்று அழுத்தினேன். 60 என்று வந்தது. கிட்னி நிமிடத்துக்கு எத்தனை மில்லி வடிகட்டுகிறது என்ற கணக்கு அது. 60க்குக் கீழே போனால்தான் கவலை என்று எங்கோ படித்திருந்தேன். சரி, தப்பித்தோம் என்று போனை அணைத்துவிட்டுத் துண்டை விரித்துப் படுத்துவிட்டேன்.

அந்த ஆம் தப்பு என்று தெரியச் சில நாள் ஆனது. இல்லை என்று அழுத்தியிருந்தாலும் அம்மாவுக்குச் சரியான விடை வந்திருக்காது என்பது அதற்கும் அப்புறம்தான் தெரிந்தது.

நான் திருப்பூரில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கணக்குப் பார்க்கிறேன். சாயப்பட்டறைகளிலிருந்து குழாயில் வரும் கழிவுத் தண்ணீரை வாங்கி, மெம்பரேன் வழியாக வடிகட்டி, நல்ல தண்ணீராகத் திருப்பி அனுப்புகிற இடம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன காலத்தில் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருத்தன். பாசனத்துக்கென்று நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்குட்டையாகிப் போனதை அம்மாவும் பார்த்திருக்கிறாள். அதனால் டை ஏற்றிப் படம் எடுப்பார்கள் என்று சொன்னவுடன் அவள் கேட்டாள்: “ரத்தத்துல சாயம் உடறாங்களா? ஒரத்துப்பாளையமாட்ட ஆயிராதா கண்ணு?”

நான் சிரித்தேன். நர்ஸும் சிரித்தார். உண்மையில் அன்றைக்கு அந்த அறையில் கேட்கப்பட்ட ஒரே சரியான கேள்வி அதுதான்.

அம்மாவுக்குச் சர்க்கரை 14 வருசமாக இருக்கிறது. பிபி உண்டு. மாட்டுக்குத் தட்டு அள்ளிப் போடும்போது நெஞ்சை அடைக்கிறது என்று ஒரு மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், வாயு என்று நாங்களும் சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் வியர்த்து உட்கார்ந்துவிட்டாள். ஈசிஜி, எக்கோ எடுத்தார்கள். இதயத்தின் பம்பிங் 45 சதவீதம், ஆஞ்சியோ பார்த்தே ஆகவேண்டும் என்றார்கள். அதில் எந்தத் தப்பும் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் ஆஞ்சியோ வேண்டாம் என்று ஓடக்கூடாது என்பதற்காக முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: அன்றைக்குப் பார்க்காமல் விட்டிருந்தால் அம்மா இருந்திருக்க மாட்டாள். மூன்று குழாயில் இரண்டில் அடைப்பு. ஒன்றில் 95 சதவீதம். அதற்கு அங்கேயே ஸ்டென்ட் வைத்தார்கள். மற்றதை மூன்று மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

மறுநாள் மதியம் டிஸ்சார்ஜ். மாத்திரைச் சீட்டை நர்ஸ் விளக்கினார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையை ஒரு நாள்கூட விடக்கூடாது என்று மூன்று தடவை சொன்னார். கிட்னியைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்துக் கிரியேட்டினின் பாருங்கள் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் போதும். எழுதவில்லை. நானும் கேட்கவில்லை, என் கையில்தான் 60 இருந்ததே.

அது சித்திரை மாதம். முந்தின இரவு பத்து மணியிலிருந்து வெறும் வயிறு, தண்ணீரும் இல்லை. ஆஞ்சியோ தள்ளித் தள்ளி மதியம் இரண்டு மணிக்குத்தான் நடந்தது. அதற்கு முன்னும் பின்னும் குளுக்கோஸ் பாட்டிலோ உப்புத்தண்ணீர் பாட்டிலோ ஏற்றியதாக எனக்கு ஞாபகம் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அம்மா தண்ணீர் குடிக்கவில்லை. இது நம் ஊர்ப் பெண்களிடம் பழகிப்போன வழக்கம். காட்டில் வேலை செய்கிறவளுக்கு ஒதுங்க இடம் கிடையாது, பஸ்ஸில் போகிறவளுக்கும் கிடையாது, அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். வீட்டிலேயே கக்கூஸ் கட்டி இத்தனை வருசம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

இன்னொன்றும் நடந்தது. எனக்குத் தெரியாது. மருத்துவமனைக் கட்டிலில் படுத்ததில் முழங்கால் வலி கூடிவிட்டது என்று அம்மா தன்னுடைய பழைய வலி மாத்திரையைத் தினம் இரண்டு போட்டுக்கொண்டிருக்கிறாள். சீட்டில்லாமல் மெடிக்கலில் வாங்குவது. அட்டையைப் பார்த்தால் அசிக்ளோஃபெனாக்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பாதம் வீங்கியிருந்தது. வாந்தி. காலையிலிருந்து ஒரே தடவைதான் ஒண்ணுக்குப் போனேன் என்றாள். ஊர் லேபில் ரத்தம் கொடுத்தோம். கிரியேட்டினின் 2.4.

கோயம்புத்தூரில் ஒரு கிட்னி டாக்டரம்மாவிடம் ராத்திரியே கூட்டிக்கொண்டு போனோம். அவர் ஃபைலைப் புரட்டும் முன்னால் அம்மாவைக் கட்டிலில் உட்காரவைத்து, மேல் கையைப் பிடித்துப் பார்த்தார். கட்டைவிரலும் நடுவிரலும் சேர்ந்துவிட்டன. “எடை எத்தனைங்க?” என்றார். 42 கிலோ. அது முதல் மருத்துவமனையின் கேஸ் ஷீட்டிலும் எழுதித்தான் இருந்தது. அதையும் 1.1ஐயும் யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

அப்புறம் வரிசையாகக் கேட்டார். டை எத்தனை மில்லி? ஆஞ்சியோ அறிக்கையின் அடியில் சின்ன எழுத்தில் 180 என்று இருந்தது. சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மினை நிறுத்தினீர்களா? இல்லை. பிபி மாத்திரையில் நீர் பிரிக்கிற மருந்து கலந்திருக்கிறதா? இருந்தது. வலி மாத்திரை? அம்மா என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், பிறகு சேலை முந்தானையை அவிழ்த்து அட்டையை எடுத்துக் கொடுத்தாள். ஒண்ணுக்கில் புரோட்டீன் எப்போதாவது பார்த்தீர்களா? 14 வருசத்தில் ஒரு தடவைகூட இல்லை.

கிட்னி கெட்டதற்கு டை மட்டும் காரணம் என்று அவர் சொல்லவில்லை. முதல் மருத்துவமனையைத் திட்டலாம் என்று தயாராகப் போயிருந்த எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான். தண்ணீர் வற்றின உடம்பு, பலவீனமான இதயம், சர்க்கரையால் முன்பே கொஞ்சம் பழுதான கிட்னி, 9.8 ஹீமோகுளோபின், நீர் பிரிக்கிற மாத்திரை, வலி மாத்திரை, அதன் மேல் டை. எல்லாம் ஒரே வாரத்தில் சேர்ந்துகொண்டன. டை கிட்னிக்குள் போகிற ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, அங்கிருக்கும் நுண்குழல்களின் செல்களை நேராகவும் வாட்டுகிறது. வலி மாத்திரையும் அதே ரத்த ஓட்டத்தைத்தான் குறைக்கிறது. 48 மணி நேரத்துக்குள் கிரியேட்டினின் 0.3 ஏறினாலோ, ஒரு வாரத்துக்குள் ஒன்றரை மடங்கு ஆனாலோ கிட்னிக்கு அடி விழுந்திருக்கிறது என்று கணக்காம். அம்மாவுக்கு இரண்டு மடங்குக்கு மேல்.

நான் அந்த 60ஐச் சொன்னேன். கறுப்பு என்று அழுத்தியதையும் சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பின்னால் இருந்த ஜூனியர் டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தக் கேள்வி தோல் நிறத்தைப் பற்றியதே இல்லை. அமெரிக்காவில் 2009இல் வந்த சூத்திரம் அது. ஆப்பிரிக்க வம்சாவளி அமெரிக்கர்களுக்கு ஒரே கிட்னித் திறனுக்கு ரத்தத்தில் கிரியேட்டினின் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது என்று ஆய்வில் பார்த்துவிட்டு, அவர்களுக்கு மட்டும் விடையை 1.159ஆல் பெருக்கச் சொன்னார்கள். அதாவது கிட்டத்தட்ட 16 சதவீதம் கூட்டிக் காட்டும். அதற்கு முன்னால் 1999இல் வந்த சூத்திரத்திலும் இதேபோல ஒரு பெருக்கல் உண்டு. தசை அதிகம் என்பது அவர்கள் சொன்ன காரணம். அதற்குச் சரியான ஆதாரம் இல்லை என்று பிறகு பலரும் எடுத்துக் காட்டினார்கள்.

இதனால் அங்கே நடந்ததைப் படித்தபோது எனக்கு மனசு ஆறவில்லை. ஒரே வயது, ஒரே கிரியேட்டினின் உள்ள இரண்டு பேரில் கறுப்பினத்தவரின் கிட்னி மட்டும் தாளில் நன்றாக இருப்பதாகத் தெரியும். அதனால் சிறப்பு மருத்துவரிடம் அனுப்புவது தள்ளிப்போகும். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிய 20க்கு வரவேண்டும் என்றால், வெள்ளைக்காரர் 20ஐத் தொட்டுவிட்ட அதே ரத்த முடிவில் இவருக்கு 23 என்று காட்டும். 2021இல் அந்தப் பெருக்கலை எடுத்துவிட்டு இனம் கேட்காத புதுச் சூத்திரம் கொண்டுவந்தார்கள். 2023இல், பழைய கணக்கால் காத்திருப்பு நாள் குறைந்துபோனவர்களுக்கு அதைத் திருத்திக் கொடுக்கவும் ஆரம்பித்தார்கள்.

ஆஞ்சியோவுக்குப் பிறகு கிட்னி அடிவாங்குவதும் அங்கே வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கு அதிகம் என்று ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. சர்க்கரை, பிபி, முன்பே இருக்கும் கிட்னிக் குறை, வைத்தியம் தாமதமாகக் கிடைப்பது என்று அதற்குப் பின்னால் நிறைய இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் காணப்படும் ஒரு மரபணு மாற்றம் கிட்னி நோய்க்கு வழிவிடுகிறது என்று 2010இல் கண்டுபிடித்தார்கள், ஆனால் அது எல்லாரிடமும் இருப்பதில்லை. நம் ஊர்க் கறுப்புக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆஞ்சியோவுக்கு முன்னால் ஆபத்தை மதிப்பிட 2004இல் மெஹ்ரான் என்ற மருத்துவரும் கூட இருந்தவர்களும் ஒரு மதிப்பெண் முறை கொடுத்தார்கள். இன்றும் பழக்கத்தில் இருப்பது. 75 வயதுக்கு மேலா, சர்க்கரை உண்டா, இதயம் பலவீனமா, ரத்தசோகையா, ரத்த அழுத்தம் சரிந்ததா, டை எவ்வளவு, கிட்னி எப்படி என்றெல்லாம் அது கேட்கிறது. இனம் என்ன என்று கேட்கவே இல்லை.

சரி, அம்மாவுக்கு உண்மையில் எவ்வளவு? டாக்டரம்மா ஒரு துண்டுச் சீட்டில் போட்டுக் காட்டினார். பழைய சூத்திரத்தில் இல்லை என்று அழுத்தினால் 52. 2021 சூத்திரத்தில் 55. ஆனால் இந்த விடைகள் எல்லாம் 1.73 சதுர மீட்டர் பரப்புள்ள உடம்புக்குச் சொல்வது. ஐந்தடிகூட இல்லாத, 42 கிலோ அம்மாவின் உடம்பு 1.3 சதுர மீட்டர்தான். அப்படிச் சுருக்கினால் 42. எடையையும் சேர்த்துப் பார்க்கும் இன்னொரு பழைய சூத்திரம், காக்கிராஃப்ட் கால்ட் என்று 1976இல் கனடாவில் வந்தது. அதில் போட்டால் 32. அதையும் வேதவாக்காக எடுக்க வேண்டாம் என்றார். பெரும்பாலும் ஆண்களான 249 நோயாளிகளை வைத்து உருவாக்கியது, பெண்களுக்கு 15 சதவீதம் கழித்துக்கொள்ளுங்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டார்கள்.

ஒரே சொட்டு ரத்தம். 60, 55, 52, 42, 32.

என் மண்டையில் அப்போதுதான் உறைத்தது, அதுவும் என் வேலை இடத்துக் கணக்காகத்தான் உறைத்தது. எங்கள் நிலையத்தில் வெளியே போகும் தண்ணீர் தெளிவாக இருந்தால் மெம்பரேன் நன்றாக இருக்கிறது என்று புதுசாக வந்த பையன்கள் நினைத்துக்கொள்வார்கள். தீபாவளிக்குப் பிறகு பட்டறைகளில் ஆள் இருக்காது, உள்ளே வரும் சாயமே கால்வாசிதான். அப்போது பாதி அடைத்துப்போன மெம்பரேன்கூடத் தெளிவான தண்ணீரைத்தான் கொடுக்கும். ஆர்டர் வந்து எல்லாப் பட்டறையும் ஓடும் நாளில்தான் வண்டவாளம் தெரியும். கிரியேட்டினின் தசையிலிருந்து வருகிற கழிவு. அம்மாவிடம் தசை எங்கே இருக்கிறது? கறி சாப்பிடுவதும் நோம்பி நொடிக்குத்தான். உள்ளே உண்டாவதே கொஞ்சம் என்பதால் வடிகட்டி பாதி போன பிறகும் ரத்தத்தில் 1.1தான் நின்றது. 90 கிலோ எடையில் உடற்பயிற்சி செய்யும் இளைஞனுக்கு அதே 1.1 நிஜமாகவே நல்ல கிட்னி. இரண்டு பேர் சீட்டிலும் நார்மல் என்றுதான் அச்சாகும்.

இது அம்மாவுக்கு மட்டும் நேர்ந்தது இல்லை. வெளிநாட்டு உடம்புகளை வைத்துச் செய்த சூத்திரங்கள் இந்தியர்களின் கிட்னித் திறனைக் கூட்டிக் காட்டுகின்றன என்று சண்டிகரில் நேரடியாக அளந்து பார்த்த ஆய்வு 2018இல் வந்திருக்கிறது. கராச்சியிலும் அதற்கு முன்பே தங்கள் மக்களுக்கென்று திருத்தம் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நம் லேப் சீட்டுகளில் அந்தத் திருத்தம் எதையும் நான் பார்த்ததில்லை. தசையை அதிகம் நம்பாத சிஸ்டாட்டின் சி என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, கிரியேட்டினினைவிட விலை அதிகம், பெரிய லேப்களில் செய்கிறார்கள். தைராய்டு கோளாறோ ஸ்டீராய்டு மருந்தோ இருந்தால் அதுவும் ஏமாற்றும். இதைவிடச் சல்லிசானது ஒண்ணுக்கில் அல்புமின் என்ற புரோட்டீனைப் பார்ப்பது. சர்க்கரைக்காரர்களுக்குக் கிரியேட்டினின் ஏறுவதற்கு வருசக்கணக்கில் முன்பே அதில் தெரிந்துவிடும். வருசத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டியது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று சொல்லலாம், ஆனால் மெட்ஃபார்மின் அட்டை தீர்ந்தால் மெடிக்கலுக்கு ஓடிய நான் ஒரு நாளும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகவில்லை என்பதும் உண்மை.

டயாலிசிஸ் வரைக்கும் போகவில்லை. ஐந்தாம் நாள் 2.9, அதுதான் உச்சம். பிறகு 2.6, 2.0 என்று இறங்கி, இரண்டாம் வாரக் கடைசியில் 1.4. மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டு இன்சுலின் போட்டார்கள். மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுப்பதில்லை. கிட்னி வேலை செய்யாதபோது அது உடம்பில் தேங்கி, ரத்தத்தில் அமிலத்தை ஏற்றிவிடும். அதற்காகத்தான் நிறுத்துவது. இந்த வித்தியாசம் தெரியாமல் எங்கள் பெரியம்மா மெட்ஃபார்மின் கிட்னியைத் தின்றுவிடும் என்று தானும் நிறுத்தி, சர்க்கரை 400க்குப் போய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தது தனிக் கதை.

ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் நான் அதிகம் போராடியது இளநீரோடுதான். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் கையோடு இளநீர் கொண்டுவந்தார்கள். பொள்ளாச்சியிலிருந்து சித்தப்பா ஒரு குலையே கொண்டுவந்து இறக்கினார். சூட்டுக்கு நல்லது, ஒண்ணுக்குத் தாராளமாகப் போகும் என்று. நல்ல கிட்னிக்கு நல்லதுதான். ஆனால் இளநீரில் பொட்டாசியம் அதிகம். அடிபட்ட கிட்னியால் அதை வெளியேற்ற முடியாது, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். ஸ்டென்ட் வைத்து ஒரு வாரம்கூட ஆகாத இதயம். வாழைத்தண்டுச் சாறும் அதே ரகம். “டாக்டர் வேண்டாம்னுட்டாருங்க” என்று நான் சொன்னால் அவர்கள் முகம் வாடிவிடும். கடைசியில் வாங்கி வைத்துக்கொண்டு, அவர்கள் போனதும் பக்கத்துக் கட்டில்காரரின் மகனுக்குக் கொடுத்துவிடப் பழகினேன். அந்தப் பையன் ஒரு வாரத்தில் பளபளவென்று ஆகிவிட்டான்.

மூன்று மாதம் கழித்து இரண்டாவது குழாய்க்குத் திரும்பப் போகவேண்டி வந்தது. அப்போது கிரியேட்டினின் 1.3இல் நின்றிருந்தது. அம்மா வர மாட்டேன் என்றாள். எனக்கும் கை நடுங்கியது. கிட்னி டாக்டரம்மாதான், பயந்துகொண்டு இதயத்தைக் கோட்டைவிடாதீர்கள், கேட்க வேண்டியதைக் கேட்டுச் செய்யுங்கள் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். வேறொரு மருத்துவமனை. இதய டாக்டரிடம் கடிதத்தை நீட்டினேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன், மனிதர் உட்கார்ந்து முழுசாகப் படித்தார்.

அவரிடம் கேட்டவை இவைதான். டை எவ்வளவு ஆகும்? ஏற்கெனவே படம் கையில் இருப்பதால் குறைவாக முடிக்கிறேன் என்றார். டை மில்லி கணக்கு, கிட்னித் திறனின் இரண்டு மடங்கைத் தாண்டாமல் பார்ப்பது நல்லது, மூன்று மடங்கைத் தாண்டினால் ஆபத்து என்பது அவர்கள் வழக்கத்தில் இருக்கிற கணக்காம். 32ஐ வைத்துப் பார்த்தால் முதல் தடவை போன 180 மில்லி ஐந்து மடங்குக்கு மேல். இந்தத் தடவை 55 மில்லியில் முடித்தார். குழாய்க்குள் ஒலியலைக் கருவியை விட்டுப் பார்த்ததால் டை மிச்சமானது என்றார்.

காலையில் முதல் ஆளாக எடுங்கள் என்று கேட்டேன், வெறும் வயிற்றில் மதியம் வரை வாட வேண்டாமே என்று. ஒத்துக்கொண்டார்கள். கிலோவுக்கு மணிக்கு ஒரு மில்லி வீதம், அதாவது மணிக்கு 42 மில்லி உப்புத்தண்ணீர், முன்னால் 12 மணி நேரமும் பின்னால் 12 மணி நேரமும் ஏறியது. பம்பிங் குறைவான இதயத்துக்கு வேகமாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் என்பதால் இரவு முழுக்க அவ்வப்போது நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார்கள். தண்ணீர் நல்லது என்று வீட்டில் நாமாகச் செம்பு செம்பாக ஊற்றிவிடக் கூடாது, இதய நோயாளிக்கு எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லவேண்டும்.

நீர் பிரிக்கிற மாத்திரையை இரண்டு நாள் முன்பே நிறுத்தினார்கள். இதற்குள் மறுபடி ஆரம்பித்திருந்த மெட்ஃபார்மின் அந்த நாளிலிருந்து 48 மணி நேரம் நிறுத்தம், ரத்தம் பார்த்த பிறகே மறுபடி. வலி மாத்திரை வீட்டிலேயே இல்லை, அலமாரி, சாமி மாடம், அரிசிப் பானை எல்லாம் தேடி எடுத்து எறிந்துவிட்டேன். முழங்காலுக்குப் பாராசிட்டமாலும் தைலமும். எங்கள் மெடிக்கல்காரர் அசிட்டைல்சிஸ்டீன் என்று ஒரு கரைசல் மாத்திரை கொடுங்கள், கிட்னியைக் காக்கும் என்றார். அதைக் கேட்டபோது டாக்டர் தலையாட்டினார். 5,000 பேர் அளவில் செய்த பெரிய பரிசோதனை 2018இல் வந்துவிட்டதாம், அதில் பலன் ஒன்றும் தெரியவில்லையாம். 

இரண்டாம் நாள் கிரியேட்டினின் 1.4. ஒரு வாரத்தில் 1.3. அவ்வளவுதான்.

அதற்கப்புறம் சொந்தத்தில் யாருக்கு டை என்றாலும் எனக்கு போன் வருகிறது. தாராபுரத்தில் என் தாய்மாமனுக்குக் கால் விரலில் ஆறாத புண், சர்க்கரையோடு நாற்பது வருச பீடி. கால் ரத்தக் குழாயைப் பார்க்க உடனே சி.டி. ஆஞ்சியோ என்றார்கள். முதலில் ஒலியலை வைத்துப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் பார்த்தால் போதாதா என்று கேட்கச் சொன்னேன். அதில் டை கிடையாது. டாக்டர் சரி என்றுவிட்டார். தொடையில் எங்கே அடைப்பு என்று அதிலேயே தெரிந்துவிட்டது, பலூன் வைத்து விரிக்கிற அன்றைக்கு மட்டும் கொஞ்சம் டை போதுமானதாக இருந்தது. கிட்னி ரொம்பவும் மோசமானவர்களுக்குக் கால் குழாயில் டைக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடு வாயுவை விட்டுப் படம் எடுக்கும் முறைகூட இருக்கிறது. இதயத்துக்கும் தலைக்கும் அதைச் செய்யக் கூடாது. நியாயமாகச் சொல்லவேண்டும் என்றால், கையில் ஊசி போட்டு எடுக்கிற சாதாரண சி.டி. டையில் ஆபத்து முன்பு நினைத்த அளவு இல்லை என்றுதான் இப்போது சொல்கிறார்கள், கிட்னித் திறன் 30க்குக் கீழே இருப்பவர்கள்தான் கவனிக்கவேண்டும். ஆனால் அந்த 30 யாருடைய 30 என்று நான் கேட்டுக்கொள்கிறேன். மாமாவும் 48 கிலோதான்.

அம்மாவின் ஃபைலில் முதல் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி வைத்திருக்கிறேன். எடை, உயரம், கிரியேட்டினின் தேதிவாரியாக, ஒவ்வொரு தடவையும் போன டை மில்லி, ஆகாத மாத்திரைகள். எந்த டாக்டரிடம் போனாலும் அதைத்தான் முதலில் நீட்டுவது. பெரும்பாலானவர்கள் வாங்கிப் பார்க்கிறார்கள். ஒருத்தர் மட்டும் நீங்க டாக்டரா என்று கேட்டார். இல்லைங்க, சாயத் தண்ணி சுத்தம் பண்ற இடத்துல கணக்கெழுதறேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

போன வாரம் அந்தத் தாளில் புது எண் எழுதிக்கொண்டிருந்தபோது, அந்த ராத்திரி கால்குலேட்டர் கதையை அம்மாவிடம் முதன்முதலாகச் சொன்னேன். கறுப்பு என்று போட்டதால் 52க்குப் பதில் 60 காட்டியதை. அம்மா பச்சைப்பயிறு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“கறுப்புன்னு போட்டா எட்டு மார்க்கு கூடக் குடுக்குதா? என்னையப் பொண்ணுப் பாக்க வந்தவீக ஒருத்தருங் குடுக்கலியே கண்ணு.”